வெளியிலிருந்து மூடப்படும் சிரை

தலையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் இரத்தத்துக்குப் புவியீர்ப்பே துணை செய்கிறது. கால்களிலிருந்து திரும்பும் இரத்தமோ அதே புவியீர்ப்பை எதிர்த்து ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை ஏறிக் கடக்க வேண்டியிருக்கிறது. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலருகே உள்ள சிரைகளில், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் நாளங்களில், ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் நிலவுகிறது. அவர் நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் ஆழத்திலுள்ள சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுவதால், அந்த அழுத்தம் 30 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தள்ளப்பட்ட இரத்தம் மீண்டும் கீழே வழியாமல் காப்பவை சிரைகளின் உட்சுவரில் இணை இணையாக அமைந்த மெல்லிய வால்வுகள். இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறியல் கற்பித்த ஃபாப்ரிசியஸ் 1603இல் இவற்றைப் படங்களுடன் விளக்கி நூல் வெளியிட்டார். எனினும் அவை இரத்தத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடுகின்றன என்ற உண்மையை, அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1628இல் இரத்த ஓட்டத்தை விளக்கியபோதுதான் உலகம் அறிந்தது.

இந்த வால்வுகளில் ஒன்று சரியாக மூடாமல் போனால், மேலிருந்து வழியும் இரத்தம் அதன் கீழுள்ள சிரைப்பகுதியை விரிக்கிறது. விரிந்த சிரையில் அடுத்த வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று எட்டாமல் போகின்றன. இவ்வாறு கோளாறு படிப்படியாகப் பரவி, தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் கிளைச்சிரைகள் புடைத்து நெளிகின்றன. மருத்துவமனைகளில் வெரிகோஸ் வெயின் என்றும் வீடுகளில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்றும் சொல்லப்படும் சுருள்சிரை நோய் இதுதான். பரம்பரை, வயது, கருவுற்றிருக்கும் காலத்தின் ஹார்மோன் மாற்றங்கள், நெடுநேரம் நிற்கும் வேலை ஆகியவை இதற்கு வழி செய்கின்றன. இது பெண்களின் நோய் என்ற பரவலான எண்ணத்தை எடின்பரோவில் நடந்து 1999இல் வெளியான மக்கள்தொகை ஆய்வு ஐயத்துக்குள்ளாக்கியது. 18 முதல் 64 வயதுக்குட்பட்டோரில் ஆண்களில் சுமார் 40 விழுக்காட்டினரிடமும் பெண்களில் சுமார் 32 விழுக்காட்டினரிடமும் முதன்மைச் சிரைகளின் சுருட்டல் அதில் காணப்பட்டது. ஆண்கள் மருத்துவரிடம் செல்வதில்லை என்பதே வேறுபாடு போலும். நின்றுகொண்டே செய்யும் வேலையைப் பொறுத்தவரை, ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் உட்கார இடமின்றிப் பணியாற்றியவர்களின் உடல்நலக் கேடுகளைக் கருதி, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயமாக்கப்பட்டது. கேரளம் 2018இலேயே இதைச் செய்திருந்தது. ஒரு முக்காலி சுருண்ட சிரையை நேராக்கிவிடாது என்றாலும், காலிலுள்ள அழுத்தத்தை நாளின் சில மணி நேரங்களுக்கேனும் அது குறைக்கும்.

சிகிச்சையைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். கண்ணுக்குத் தெரியும் நெளிவு நோயின் விளைவே ஒழிய அதன் மூலம் அன்று. மூலம் பெரும்பாலும் கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடையிடுக்கு வரை ஓடும் பெருஞ்சிரையிலோ, கெண்டைக்காலின் பின்புறம் ஏறி முழங்கால் மடிப்பில் ஆழ்சிரையுடன் சேரும் சிறுசிரையிலோ, மேற்சிரைகளை ஆழ்சிரைகளோடு தசையுறையைத் துளைத்து இணைக்கும் இணைப்புச் சிரைகளிலோ இருக்கிறது. நோயாளியை நிற்கவைத்து, கெண்டைக்காலைப் பிழிந்துவிட்டு, டாப்ளர் ஸ்கேனில் இரத்தம் எத்தனை நேரம் பின்னோக்கி ஓடுகிறது என்று பார்ப்பதே அதைக் கண்டறியும் முறை; மேற்சிரைகளில் அரை விநாடிக்கு மேல் பின்னோட்டம் நீடித்தால் அது கோளாறு எனக் கொள்ளப்படுகிறது. மூலத்தை அடைக்காமல் வெளியே தெரியும் நெளிவை மட்டும் அகற்றினால் நோய் வேறு வழியில் திரும்பி வருகிறது.

அந்த மூலத்தை அடைக்கும் முயற்சியின் வரலாறு நீண்டது. அதில் வலிக்குக் குறைவில்லை. கி.மு. 1550ஆம் ஆண்டளவைச் சேர்ந்த எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் காலில் பாம்புபோல் நெளியும் புடைப்புகளைத் தொடவேண்டாம் என்று எச்சரித்தது. உரோமத் தளபதி காயஸ் மாரியஸ் கட்டிப்போடப்பட மறுத்து ஒரு காலில் அறுவையைத் தாங்கிக்கொண்டபின், கிடைத்த பயன் பட்ட வலிக்கு ஈடாகாது என்று மறுகாலைக் காட்ட மறுத்துவிட்டதாகப் புளூடார்க் எழுதியிருக்கிறார். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1890களின் தொடக்கத்தில் பெருஞ்சிரையைக் கட்டி அடைக்கும் முறையை நிலைநாட்டினார். 1905 முதல் 1907 வரையான மூன்றே ஆண்டுகளில் அமெரிக்காவின் கெல்லர், மேயோ, பேப்காக் ஆகியோர் சிரையையே உருவி எடுக்கும் கருவிகளை அடுத்தடுத்து உருவாக்கினர். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பெரும்பாலான நோயாளிகளுக்குக் கிடைத்தது இந்த உருவும் அறுவைதான். சிரையே இல்லாமல் போனபின் நோய் எப்படித் திரும்பும் என்ற இயல்பான கேள்விக்கு ஸ்கேன் வந்தபின்தான் விடை கிடைத்தது: அறுவைக் காயம் ஆறும்போது உடல் அந்த இடத்தில் வால்வுகளே இல்லாத புதிய நுண்சிரைகளை முளைக்கச் செய்கிறது, மருத்துவர்கள் இதைப் புதுநாளமாக்கம் என்கின்றனர்.

1990களின் இறுதியில் பார்வை மாறியது. சிரையை வெளியே எடுப்பதற்கு மாறாக, அது இருந்த இடத்திலேயே சுருங்கி நாராகிவிடும்படி உள்ளிருந்து சுடுவது என்பதே புதிய எண்ணம். மெல்லிய நுண்குழாயை ஊசித்துளை வழியே சிரைக்குள் செலுத்தி, அதன் முனையை ரேடியோ அலை ஆற்றலாலோ லேசராலோ சூடாக்கிக்கொண்டே பின்னோக்கி இழுக்கும் முறை 1999 முதல் பரவியது. அதையடுத்து, இரசாயன மருந்தை நுரையாக்கிச் செலுத்தும் ஊசியும், சிரையின் சுவர்களை ஒட்டவைக்கும் சயனோஅக்ரிலேட் பசையும் வந்தன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வெப்பமுறையை முதலிடத்திலும், நுரையை இரண்டாமிடத்திலும், அறுவையை மூன்றாமிடத்திலும் வைத்தது. ஒரு தலைமுறைக்குள் ஒரு துறையின் வரிசை இப்படித் தலைகீழாவது அரிது.

கத்தி ஊசித்துளையாகச் சுருங்கியபின் எஞ்சி நின்ற கேள்வி, அந்த நுண்குழாயும் தேவைதானா என்பது. இங்கேதான் மீயொலி, அதாவது மனிதக் காதுக்கு எட்டாதவாறு விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி, நோயைக் காட்டும் வேலையிலிருந்து நோயைத் தீர்க்கும் வேலைக்கு மாறுகிறது. கருவிலுள்ள குழந்தையைப் பார்க்கப் பயன்படும் ஸ்கேனும் சிரையைச் சுடும் கருவியும் ஒரே வகை ஒலியையே அனுப்புகின்றன. வேறுபாடு செறிவில் இருக்கிறது. நோயறியும் ஸ்கேன் கருவிகளுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விதித்துள்ள பொதுவான உச்சவரம்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 720 மில்லிவாட். குவிந்த மீயொலியின் குவியப் புள்ளியிலோ அதே பரப்பில் ஆயிரம் வாட்டுக்கும் மேற்பட்ட ஆற்றல் திரள்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் தாளைக் கருக்குவதைப் போல, கிண்ணவடிவில் வளைந்த ஒலிமூலம் தன் பரப்பின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் புறப்படும் அலைகளை உடலுக்குள் ஓரிடத்தில் சந்திக்கச் செய்கிறது. வழியிலுள்ள தோலையும் கொழுப்பையும் கடக்கும்போது அலைகள் பரந்திருப்பதால் அவை பெரிதாகச் சூடாவதில்லை. குவியத்திலோ திசுக்கள் ஒலியாற்றலை உறிஞ்சி ஓரிரு விநாடிகளில் வெந்துவிடுகின்றன. 56 பாகை செல்சியஸில் ஒரு விநாடி இருந்தாலே உயிரணுக்கள் இறந்துபோகும். மூன்று மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மென்திசுவில் ஒலியின் அலைநீளம் அரை மில்லிமீட்டர் மட்டுமே என்பதால், சில மில்லிமீட்டர் அளவுள்ள சிறு பகுதியைத் தேர்ந்து சுடுவது இயற்பியல்படி இயலும் செயலாகிறது.

இந்த எண்ணம் புதியதன்று. 1942இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லின்னும் அவருடைய கூட்டாளிகளும் குவிந்த மீயொலியை உயிருள்ள திசுக்களில் சோதித்தனர். 1950களில் இல்லினாயில் ஃப்ரை சகோதரர்கள் மூளையின் ஆழத்தில் சிறு பகுதிகளை அழிக்க அதைப் பயன்படுத்தினர். எங்கே சுடுகிறோம் என்று அந்த நேரத்திலேயே பார்க்கும் வசதி இல்லாததால் அது நெடுங்காலம் ஆய்வகத்திலேயே தங்கிவிட்டது. எம்ஆர்ஐ படமும் நல்ல ஸ்கேனும் கைகூடிய பின்னர் கருப்பை நார்க்கட்டிகளுக்கு 2004இலும், புராஸ்டேட் திசுவை அழிப்பதற்கு 2015இலும், மருந்துக்குக் கட்டுப்படாத கைநடுக்கத்துக்கு 2016இலும் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

சிரை மட்டும் பிந்தியதற்குக் காரணம் அதன் இயல்பிலேயே உண்டு. கட்டி ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் திண்மப் பொருள். சிரையோ இரத்தம் ஓடும் குழாய், அந்த ஓட்டமே குவியத்தில் உண்டாகும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1990களில், காயத்தால் பீறிடும் இரத்தக் குழாய்களைக் குவிந்த மீயொலியால் அடைக்க முடியுமா என்று ஆராய்ந்தவர்களும் இதே தடையை எதிர்கொண்டனர். போர்க்களத்தில் குருதிப்போக்கை நிறுத்தும் ஆசையில் அமெரிக்கப் படைத்துறையின் ஆய்வுப் பணமும் பின்னாளில் அத்திசையில் பாய்ந்தது. பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 1995இல் எலியின் தொடைச்சிரையைக் குவிந்த மீயொலியால் அடைத்துக் காட்டினர். எனினும் எலியின் சிரையில் உண்டான அடைப்பு இரத்த உறைவால் ஆனது. மனிதக் காலில் நீடித்த பயன் தருவதற்கு உறைவு போதாது.

ஏன் போதாது என்பது இச்சிகிச்சை முழுவதையும் விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல் என்பதால் சற்று நின்று பார்க்கலாம். சிரைச்சுவரின் உள்ளடுக்கு மட்டும் காயப்பட்டால் அங்கே இரத்தம் உறைந்து தற்காலிகமாக வழி அடைபடும். சில மாதங்களில் உடல் அந்த உறைவைக் கரைத்து வழியைத் திறந்துவிடும், பின்னோட்டமும் திரும்பிவிடும். சுவரின் முழுத் தடிமனிலும் உயிரணுக்கள் இறந்து, நடுவடுக்கின் கொலாஜன் புரதம் வெப்பத்தால் சுருங்கினால்தான், சிரை தானாகவே இறுகி நார்த்திசுவாக மாறி நிலையாக மறைகிறது. ஆகவே வெற்றி என்பது சிகிச்சை முடிந்தவுடன் ஸ்கேனில் அடைப்புத் தெரிவதைக் கொண்டு அளக்கப்படுவதன்று. ஓராண்டுக்குப் பின் அந்த இடத்தில் சிரையே தென்படாமல் போவதைக் கொண்டு அளக்கப்படுவது. லேசருக்கும் ரேடியோ அலைக்கும் பொருந்தும் இந்த அளவுகோல் மீயொலிக்கும் அப்படியே பொருந்தும்.

பாரிசை அடுத்த மாலகோஃப் நகரில் இயங்கும் தெராக்லியான் நிறுவனம், மார்பக நார்க்கட்டிகளுக்கும் தைராய்டு முடிச்சுகளுக்கும் ஏற்கெனவே உருவாக்கியிருந்த கருவியைச் சிரைக்கேற்ப மாற்றி, சோனோவெயின் என்ற பெயரில் 2019இல் ஐரோப்பிய அனுமதியைப் பெற்றது. ஆஸ்திரியாவின் ஆல்ஃபிரட் ஓபர்மேயர் இதன் தொடக்கக்கால மருத்துவ ஆய்வுகளை நடத்தினார். இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் மார்க் ஒயிட்லி அதே ஆண்டில் இதை நோயாளிகளுக்கு வழங்கத் தொடங்கினார். 1999இல் நுண்குழாய்வழி வெப்பமுறையைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. தாம் பரப்பிய முறைக்கு மாற்றாக வரக்கூடிய ஒன்றை முன்னின்று சோதிக்கும் மருத்துவர்கள் அதிகம் பேர் இல்லை.

செய்முறை கேட்பதற்கு எளிது, செய்வதற்குப் பொறுமை வேண்டியது. நோயாளி படுத்திருக்க, இயந்திரக் கையொன்று சிகிச்சைத் தலையைக் காலின்மேல் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தலையின் நடுவில் படம் காட்டும் ஸ்கேனும் அதைச் சுற்றி ஆற்றலை அனுப்பும் வளைந்த ஒலிமூலமும் அமைந்திருக்கின்றன. மீயொலி காற்றைக் கடந்து உடலுக்குள் நுழையாது என்பதால் தோலுக்கும் கருவிக்கும் இடையே குளிரூட்டப்பட்ட திரவம் சுழன்று, ஒலிக்குப் பாலமாகவும் தோலைச் சூட்டிலிருந்து காக்கும் அரணாகவும் இரட்டை வேலை செய்கிறது. மருத்துவர் திரையில் சிரையின் குறுக்குவெட்டைக் குறிவைத்து, சில விநாடிகள் நீளும் துடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, ஒவ்வொன்றுக்கும் பிறகு சில மில்லிமீட்டர் நகர்கிறார். இரத்தம் வெப்பத்தைக் கடத்திச் செல்லாதிருக்க, கருவியின் அழுத்தத்தாலும் சிரையைச் சுற்றிச் செலுத்தும் திரவத்தாலும் சிரை வெறுமையாக்கப்பட்டு அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும்படி செய்யப்படுகிறது. சில மில்லிமீட்டர் எட்டுகளால் தொடை நெடுகிலுமுள்ள பெருஞ்சிரையைக் கடப்பதற்கு நேரம் பிடிக்கும் என்பது எண்கணிதமே சொல்லும் செய்தி; ஏழு சென்டிமீட்டர் நீளத்தை 20 விநாடிகளில் சூடாக்கும் ரேடியோ அலை நுண்குழாயுடன் வேகத்தில் அது போட்டியிட முடியாது.

விளம்பரங்களில் இடம்பெறும் ‘ஊசியில்லாச் சிகிச்சை’ என்ற சொற்றொடரை இவ்விடத்தில் ஐயத்துடன் நோக்குவது நியாயம். சிரைக்குள் எதுவும் நுழைவதில்லை என்பது உண்மை; ஆனால் சிரையைச் சுற்றி உணர்விழப்பு மருந்து கலந்த திரவத்தைச் செலுத்த ஊசி பெரும்பாலும் பயன்படுகிறது. அந்தத் திரவம் வலியைத் தணிப்பதோடு, அருகிலுள்ள நரம்பையும் தோலையும் வெப்பத்திலிருந்து தள்ளிவைக்கிறது. முழங்காலுக்குக் கீழே பெருஞ்சிரையை ஒட்டியும், கெண்டைக்காலின் பின்புறம் சிறுசிரையை ஒட்டியும் உணர்ச்சி நரம்புகள் ஓடுவதால், நுண்குழாய் முறையில் உள்ள மரத்துப்போகும் அபாயம் இங்கும் இல்லாமலில்லை. தோலுக்கு மிக அருகே புடைத்திருக்கும் சிரையைச் சுட்டால் தோலும் சுடும்; முன்காலின் எலும்பு ஒலியை உறிஞ்சிச் சூடாகும்; ஆழ்சிரையில் இரத்தம் உறையும் வாய்ப்பு எந்த வெப்பமுறைக்கும் உரிய அபாயமே. மேலும், மூலச் சிரை மூடியபின் வெளியே நெளிந்து நிற்கும் கிளைகளுக்கு நுரை ஊசியோ சிறு கீறல்களோ தேவைப்படலாம். அப்போது ஊசி முன்வாசலில் மறுக்கப்பட்டுப் பின்வாசலால் நுழைகிறது.

இவ்வளவு சொன்னபின் இக்கருவி தேவையற்ற ஆடம்பரம் என்று முடிவு கட்டினால் அது அவசரமாகும். நேராக ஓடும், முதன்முறையாகச் சிகிச்சை பெறும் பெருஞ்சிரைக்கு நுண்குழாய் முறை ஏற்கெனவே நன்றாக வேலை செய்கிறது. அங்கே மீயொலி சேமிப்பது ஓர் ஊசித்துளையை மட்டுமே. அதன் உண்மையான இடம் நுண்குழாய் செல்ல மறுக்கும் சிரைகளில் இருக்கிறது. முன்பு உருவும் அறுவை நடந்த தொடையிடுக்கில் முளைத்த புதுநாளங்கள் கொடிக்கொத்துபோல் பின்னிக்கிடக்கும். அவற்றுக்குள் எந்தக் குழாயும் நேராகப் போகாது, கத்தியோ பழைய தழும்புக்குள் தடுமாறும். வெளியிலிருந்து வரும் ஒலிக்குச் சிரை நேரா வளைவா என்பது பொருட்டில்லை, ஸ்கேனில் தெரிந்தால் போதும். இணைப்புச் சிரைகளின் நிலையும் அத்தகையதே: ஓரிரு சென்டிமீட்டர் நீளமே உள்ள, சாய்ந்து ஆழத்துக்கு இறங்கும் இவற்றில் குழாயை நிலைநிறுத்துவது கடினம், குறுகிய நீளம் என்பதால் மீயொலியின் மெதுவான வேகமும் குறையாவதில்லை. இந்தச் சிரைகள் பல சமயங்களில் ஆறாப்புண்ணுக்கு நேர் அடியிலோ, கறுத்துக் கட்டைபோல் இறுகிய தோலுக்குக் கீழோ அமைந்திருக்கும். அத்தகைய தோலைத் துளைக்காமல் சிகிச்சை செய்ய முடிவது அழகியல் சார்ந்த நன்மையன்று, மருத்துவ நன்மை.

ஆதாரங்களின் எடையைப் பார்க்கும்போது நிதானம் கூடுகிறது. பிரிட்டனின் 11 மருத்துவ மையங்களில் 798 நோயாளிகளை லேசர், நுரை, அறுவை எனப் பிரித்து ஒப்பிட்ட கிளாஸ் ஆய்வு ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த பின்னரே, நுரையைக் காட்டிலும் லேசரும் அறுவையும் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அதிகம் உயர்த்தின என்று 2019இல் கூறியது. தொடக்கத்தில் நுரையும் நல்ல வழியாகவே தோன்றியது. குவிந்த மீயொலி பற்றி வெளியாகியுள்ள அறிக்கைகள் பெரும்பாலும் ஒரு சில மையங்களின் நோயாளி வரிசைகள். அவற்றின் முடிவுகள் ஊக்கமளிப்பவை என்றாலும் கண்காணிப்புக் காலம் குறுகியது, மருத்துவர்களோ கருவியில் கைதேர்ந்தவர்கள். வளர்ச்சிக் கட்டத்தில் உள்ள எந்தச் சிகிச்சைக்கும் இது இயல்பே. ஆனால் அதிக விலையுள்ள கருவியொன்று எல்லார்க்கும் ஏற்றது என்று அறிவிப்பதற்கு இது அடித்தளமாகாது.

சிகிச்சை எதுவானாலும் காலம் தாழ்த்துவதால் வரும் இழப்புக்கு உறுதியான சான்று உள்ளது. சி.இ.ஏ.பி. என்னும் உலகளாவிய வகைப்பாட்டில் சிலந்தி நூல்போன்ற நுண்சிரைகள் முதல் படியிலும், சுருள்சிரை இரண்டாம் படியிலும், வீக்கம் மூன்றாம் படியிலும், தோல் கறுப்பது நான்காம் படியிலும், ஆறிய புண் ஐந்தாம் படியிலும், திறந்த புண் ஆறாம் படியிலும் வைக்கப்பட்டுள்ளன. புண் திறந்தபின்னும் பல இடங்களில் கட்டுப்போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதே வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் 450 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான எவ்ரா ஆய்வு, அழுத்தக் கட்டுடன் இரண்டு வாரங்களுக்குள் மூலச் சிரையையும் மூடிவிட்டால் புண் ஆறுவதற்கான இடைநிலைக் காலம் 82 நாட்களிலிருந்து 56 நாட்களாகக் குறைகிறது என்று காட்டியது. அந்த ஆய்வில் பயன்பட்டவை லேசர், ரேடியோ அலை, நுரை போன்ற, இன்று இந்திய நகரங்களின் மருத்துவமனைகளிலும் பரவலாகக் கிடைக்கும் முறைகள். கணுக்காலருகே தோல் கறுத்து அரிக்கத் தொடங்கியவர், குவிந்த மீயொலி தம் ஊருக்கு வரட்டும் என்று காத்திராமல் நின்றநிலையில் ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டியவர்.